பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

தெற்கு லண்டன் குரோய்டனில், எங்கள் வட்டாரத்தில் ஒரு தமிழ் இளைஞர் இறந்துபோனார். எப்படி, ஏன் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவரைப் பற்றிய சில விவரங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காரணம் கட்டுரையை முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அந்தச் சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." எனக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. யாரிடம் சொல்லியிருப்பார்? டாக்டரிடம் போனால் பத்து நிமிடம். அதற்குள் மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க வேண்டும். தமிழர்களிடம் சொன்னால் அடுத்த வாரம் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அதன் பிறகுதான் எங்கள் சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பயிற்சி பெற்ற தமிழ் தெரிந்த ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார். யாரும் வந்து பேசலாம். அறை வாடகைக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டும். நிதி உதவிக்கு விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பத்தில் நான்காவது கேள்வி: உங்கள் சமூகத்தில் இந்தத் தேவை எந்த அளவுக்கு இருக்கிறது? ஆதாரம் தரவும்.

கூட்டத்தில் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. "தம்பி ஐடிதானே, டேட்டா எடுத்துக் குடுங்க."

இன்ஜினியரிங் முடித்து, பன்னிரண்டு வருடமாக டேட்டாபேஸ்களோடு குடும்பம் நடத்துகிறவன் நான். "ஒரு வாரத்துல குடுத்துடறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் நான் செய்த ஒரு தப்பையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும்தான் இங்கே சொல்கிறேன்.

எந்தக் கட்டத்திலும் நாம் இல்லை

முதலில் அரசாங்கக் கணக்குகளைத் தேடினேன். இங்கிலாந்தில் பெரியவர்களின் மனநலம் பற்றி 1993 முதல் சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு நடக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். 2014 ஆய்வில் சுமார் 7,500 பேர். தரமான வேலை. ஆனால் இனவாரியாகப் பிரித்துக் காட்டும்போது 'ஆசியர்' என்று ஒரே கட்டம். லாகூர்க்காரரும் சில்ஹெட்காரரும் குஜராத்திக்காரரும் நாமும் அதே கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.

மருத்துவமனைப் பதிவுகளில் கொஞ்சம் பிரிக்கிறார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர், 'வேறு ஆசியப் பின்னணி'. எனக்கு 'இந்தியர்' கட்டம். எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு 'வேறு ஆசியப் பின்னணி'. ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே மளிகைக் கடை. கணக்கில் மட்டும் இரண்டு இனம். 2011 குடிசனக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தன் முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். அந்த ஒரு லட்சம் பேருக்குத் தூக்கம் வருகிறதா இல்லையா என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

அடுத்து, என்னைப் போன்றவர்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போனேன். காகிள் தளம். டேட்டா சயன்ஸ் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தரவுத் தொகுப்பு அங்கே இருக்கிறது: 2014-ல் ஐடி துறையில் வேலை செய்பவர்களிடம் எடுத்த மனநலக் கருத்துக்கணிப்பு. 1,259 வரிசை. அதில் அமெரிக்காவிலிருந்து 751 பேர், பிரிட்டனிலிருந்து 185 பேர். இந்தியாவிலிருந்து 10 பேர். உலகத்துக்கே கோடு எழுதிக் கொடுக்கும் நாட்டிலிருந்து பத்தே பேர்! வயது என்ற கட்டத்தில் ஒருவர் மைனஸ் 1726 என்று போட்டிருக்கிறார். இன்னொருவரின் வயது பதினோரு இலக்க எண். இதை வைத்து மாடல் செய்து, "ஐடி ஊழியர்களின் மனச்சோர்வை 80 சதவீதம் துல்லியமாகக் கணிக்கிறோம்" என்று எழுதுகிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சுலபமாகக் கிடைப்பது அதுதான்.

சமூக வலைத்தளப் பதிவுகளைத் திரட்டி வைத்த தொகுப்புகளும் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம். அங்கே இன்னொரு சிக்கல். நம் ஆட்கள் மனச்சோர்வை மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "நெஞ்சு பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் அசதி", "மனசே சரியில்ல" என்பார்கள். ஈழத்துக்காரர் "ஒரே யோசினை" என்பார். அந்த ஒரு சொல்லில் கடன், விசா, ஊரில் விட்டு வந்த அம்மா எல்லாம் அடக்கம். நம் பத்திரிகைகளிலோ வேலைப்பளுவுக்கும் 'மன அழுத்தம்', நோய்க்கும் 'மன அழுத்தம்'. இதை எந்த ஆங்கில மாடல் கண்டுபிடிக்கும்?

நான் செய்த தப்பு

அப்போதுதான் எனக்கு அந்தப் 'பிரமாதமான' யோசனை வந்தது.

புதிதாக இங்கே வருகிறவர்களுக்கு உதவ எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அறை எங்கே கிடைக்கும், வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது என்று தொடங்கிய குழு. வருடங்கள் போகப் போக ராத்திரி இரண்டு மணிக்கு வரும் செய்திகள் வேறு மாதிரி ஆயின. "தூங்கி மூணு நாள் ஆச்சு." "ஊருக்கே திரும்பிடலாமான்னு இருக்கு, ஆனா என்ன சொல்லிட்டுப் போறது." தமிழில், நம் ஆட்கள் நிஜமாகப் பேசுகிற தமிழில், ஆயிரக்கணக்கான வரிகள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது புதையல்.

ஒரு சனிக்கிழமை மொத்த உரையாடலையும் கணினிக்கு இறக்கினேன். பெயர், தொலைபேசி எண், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் நீக்கச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். 'நபர் 17', 'நபர் 42'. என் மனசாட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. நல்ல காரியத்துக்குத்தானே, பெயரையும் எடுத்தாயிற்றே.

சங்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார். மனநல வார்டில் பல வருடம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் அச்சடித்த இரண்டு பக்கத்தைப் பெருமையாக நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அரைப் பக்கம்தான் வாசித்திருப்பார்.

"தம்பி, இந்தப் பதினேழாம் நம்பர் ஆரெண்டு எனக்குத் தெரியும்."

"அக்கா, பேரெல்லாம் எடுத்துட்டேனே."

"பேர் என்னத்துக்கு? ரெண்டு பிள்ளை, ராத்திரி வேலை, தாய் வவுனியாவில, தமக்கை கனடாவில. இந்தக் குழுவில இப்பிடி எத்தினை பேர்? ஒராள்தான்." தாளை மடித்து என் கையில் திரும்பத் தந்தார். "அந்தப் பிள்ளை இதை உங்களுக்கு எழுதேல்ல. தனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கு எழுதினது."

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. குழுவில் யாரும் என்னிடம் சம்மதம் தந்திருக்கவில்லை. கேட்கவே இல்லையே நான். வீட்டுக்கு வந்து கோப்பை அழித்தேன். பேக்கப்பில் இருந்ததையும் தேடி அழித்தேன். பிறகு குழுவில் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். இரண்டு பேர் பதில் எதுவும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார்கள். உதவி கேட்க அவர்களுக்கு இருந்த ஓர் இடத்தை நான் மூடிவிட்டேன். இந்த எட்டு மாதக் கதையில் என்னை இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

முகமூடி ஏன் நிற்பதில்லை

அக்கா அரைப் பக்கத்தில் செய்ததைக் கணினி விஞ்ஞானிகள் எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். நான்தான் என் சொந்த வேலையில் அதை மறந்துவிட்டேன்.

1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது என்று சொல்லப்பட்டது. அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி இருபது டாலர் கொடுத்து ஊர் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் இரண்டு பட்டியலிலும் பொருத்திப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவே கையில் வந்து விழுந்தது. அந்த மூன்று விவரம் மட்டும் இருந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2000-ல் அவர் கணக்கிட்டார்.

2006-ல் நெட்ஃபிளிக்ஸ் சுமார் 5 லட்சம் சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பெயர் இல்லாமல் வெளியிட்டது. சென்னை ஐஐடியில் படித்த அர்விந்த் நாராயணனும் அவருடைய பேராசிரியர் விதாலி ஷ்மாதிகோவும், ஒருவர் பார்த்த சில படங்களும் ஏறக்குறைய எந்தத் தேதியில் மதிப்பெண் போட்டார் என்பதும் தெரிந்தாலே அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். வெறும் சினிமா ரசனைக்கே இந்தக் கதி.

இப்போது நம்மை நினைத்துப் பாருங்கள். பெரிய கூட்டத்தில் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். நாம் சின்னக் கூட்டம். ஊர், கோயில், வந்த வருடம், பிள்ளைகள் எண்ணிக்கை என்று நான்கு விவரம் சேர்ந்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். ஒருவருக்கொருவர் உறவோ ஊரோ தெரிந்த சமூகத்தில் கண்டுபிடிக்க ஹேக்கர் தேவையில்லை, ஒரு சித்தி போதும். அடையாளம் தெரிந்தால் நடக்கப்போவதும் நமக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு நிற்கும். தங்கைக்கும் சேர்த்துத்தான் நிற்கும்.

கை மாறினால் என்ன ஆகும்

பின்லாந்தில் வாஸ்தாமோ என்று ஓர் உளசிகிச்சை நிறுவனம் இருந்தது. நாடு முழுக்கக் கிளைகள். அங்கே பேசியவற்றின் குறிப்புகள் கணினியில் சரியான பூட்டு இல்லாமல் கிடந்தன. 2020 அக்டோபரில் திருடன் வெளியே வந்தான். சுமார் 33,000 பேரின் பதிவுகள் அவனிடம் இருந்தன. நிறுவனம் பணம் தராததால் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினான்: 200 யூரோ பிட்காயினாகக் கொடு, இல்லாவிட்டால் நீ உன் மருத்துவரிடம் சொன்னதை ஊருக்குச் சொல்வேன். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் ஒருவருக்கு 6 வருடம் 3 மாதம் சிறை விதித்தது. வெளியே போன குறிப்புகளை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப உள்ளே வைக்க முடியாது.

திருட்டு இல்லாமலும் நடக்கும். அமெரிக்காவில் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற தொண்டு நிறுவனம், இக்கட்டில் இருப்பவர்கள் குறுஞ்செய்தி அனுப்பிப் பேசலாம் என்று 2013 முதல் நடத்துகிறது. நல்ல சேவை. ஆனால் அந்த உரையாடல்களைப் பெயர் நீக்கி, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் செய்யும் தன் துணை நிறுவனத்துக்கும் கொடுத்துவந்தது. 2022 ஜனவரி கடைசியில் செய்தி வெளியானதும் பெரிய எதிர்ப்பு. சில நாட்களில் பகிர்வை நிறுத்தியது. சட்டப்படி விதிமுறையில் எழுதியிருந்தது என்றார்கள். நடுராத்திரி உடைந்துபோய்ச் செய்தி அனுப்புகிறவர் விதிமுறையை வாசித்துவிட்டா அனுப்புவார்?

நம் பிள்ளைகள் பலர் பயன்படுத்தும் பெட்டர்ஹெல்ப் செயலியின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரி, மனநலக் கேள்விகளுக்குத் தந்த பதில் போன்றவற்றை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-ல் 78 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்த மூன்றிலும் எனக்கு நெருக்கமான கதை நான்காவதாக ஒன்று. 2014 அக்டோபரில் இங்கே சமாரிட்டன்ஸ் அமைப்பு ட்விட்டருக்கு ஒரு கருவி வெளியிட்டது. நீங்கள் பின்தொடரும் ஒருவர் விரக்தியாக ஏதாவது எழுதினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தான் கண்காணிக்கப்படுவது எழுதியவருக்குத் தெரியாது. அவரை வம்புக்கு இழுக்கிறவனும் அவரைப் பின்தொடரலாமே? மனநலப் பிரச்சினை உள்ளவர்களே முன்னால் நின்று எதிர்த்தார்கள். பத்து நாளுக்குள் நிறுத்திவிட்டார்கள். பொதுவெளியில் எழுதினார் என்பதால் எடுத்துக்கொள்ளச் சம்மதம் தந்தார் என்று ஆகாது. நான் செய்ததும் அதே தப்புதான், அதைவிட மோசம். என்னுடையது பொதுவெளிகூட இல்லை.

பூட்டும் சாவியும் உள்ள இடம்

அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா? அக்காவிடம் இதைத்தான் கேட்டேன். அவர் ஒரு விஷயம் சொல்லி என்னைத் தேடச் சொன்னார். தேடிப் பார்த்தால் அது எங்கள் வட்டாரத்திலேயே இருந்தது.

தெற்கு லண்டனில் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த அரசு மனநலச் சேவை லாம்பெத், சதர்க், லூயிஷம், குரோய்டன் பகுதிகளைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே 2008 முதல் 'கிறிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் ஏற்பாடு. நோயாளிகளின் மின்பதிவுகளில் அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்து ஆராய்ச்சிக்குத் திறந்திருக்கிறார்கள். திறந்திருக்கிறார்கள் என்றால் காகிள் மாதிரி பட்டனைத் தட்டி இறக்கிக்கொள்வதில்லை. தரவு மருத்துவமனையின் பாதுகாப்புச் சுவருக்குள்ளேயே இருக்கும். ஆராய்ச்சியாளர் அந்தச் சுவருக்குள் வேலை பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வையும் ஒரு குழு பரிசீலிக்கும். அந்தக் குழுவை முன்நின்று நடத்துவது நோயாளிகள் தரப்பு. என் பதிவு வேண்டாம் என்று யாரும் விலகிக்கொள்ளலாம்.

மற்ற நல்ல தொகுப்புகளும் இதே வழிதான். அமெரிக்காவின் தீவிர சிகிச்சைப் பதிவுகள் அடங்கிய மிமிக் வேண்டுமென்றால் மனித ஆய்வு நெறிமுறைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மனச்சோர்வு பற்றிய நேர்காணல் ஒலிப்பதிவுகள் அடங்கிய டெய்க் தொகுப்புக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தேவை. இதையெல்லாம் முன்பு நான் 'தொல்லை' என்று நினைத்தவன். இப்போது எந்தத் தொகுப்பு தொல்லையே இல்லாமல் கிடைக்கிறதோ அதைத்தான் சந்தேகப்படுகிறேன்.

ஆனால் இங்கேயும் நமக்கென்று ஒரு முடிச்சு இருக்கிறது. இப்படிப் பாதுகாப்பாக நடத்தும் இடங்களில், ஒரு பிரிவில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிட மாட்டார்கள். அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் நியாயமான விதி. அதே விதியால், சின்னச் சமூகமான நாம் முடிவுகளிலிருந்து காணாமல் போகிறோம். பாதுகாப்பும் அதே கதவு, மறைப்பும் அதே கதவு. இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. பகுதி பகுதியாகப் பார்க்காமல் லண்டன் முழுவதையும் சேர்த்து, பல வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை கூடும். அதற்கும் முதலில் பதிவில் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டும்.

கணக்கெடுத்தால் பயன் உண்டு என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த தமிழர்களிடம் நடத்தி 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, போரில் பட்டது மட்டுமில்லாமல் புது நாட்டில் படுகிற பாடும் மனத்துயரைக் கூட்டுகிறது என்று காட்டியது. "இங்க வந்துட்டாங்க, இனி என்ன குறை" என்று கேட்கிறவர்களுக்கு அது பதில். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே மக்களோடு இருந்து சிகிச்சையும் தந்து, அதை எழுதியும் வைத்தார். அவருடைய ஆங்கில நூல் 1998-ல் வந்தது. போர் மனதில் விட்ட காயத்துக்கு 'மனவடு' என்ற நல்ல சொல் ஈழத்தில் புழங்குகிறது. அந்தச் சொல் சொல்வதற்குப் பின்னால் சிகிச்சையும் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டுத் தாளோடு கிளம்பிப் போகவில்லை.

கடைசியில் என்ன செய்தோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு. தாளும் பேனாவும்தான். கணினி கிடையாது, கூகுள் ஃபார்ம் கிடையாது. தொடங்கும் முன் அக்கா தமிழில் நான்கு விஷயம் சொன்னார். இது எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது கிழிப்போம், விருப்பமில்லாதவர் வெறும் தாளை மடித்துப் பெட்டியில் போடலாம். அந்தக் கடைசி விஷயம் அவருடைய யோசனை. எல்லாரும் ஒரு தாள் போட்டால் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஊர் கேட்கவில்லை. வயதைப் பத்து வருட வரம்பாகக் கேட்டோம்.

உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, பிஹெச்கியூ-9. தமிழிலும் கிடைக்கிறது. அதையே கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா மறுத்துவிட்டார். அதன் ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கும்.

"பேரில்லாத தாளில ஒராள் ஓமெண்டு போட்டால் என்ன செய்வியள் தம்பி? ஆரைத் தேடிப் போவியள்? அதைக் கேக்கிறதெண்டால் பதில் வரேக்க நாங்கள் அங்க நிக்கவேணும்."

அந்தப் படிவத்தை விட்டுவிட்டோம். தூக்கம், பேச ஆள் இருக்கிறதா, டாக்டரிடம் தமிழில் பேச முடிந்தால் போவீர்களா என்ற மாதிரி எளிய கேள்விகள் மட்டும் வைத்தோம். தாளின் அடியில் கிழித்துக்கொண்டு போக ஒரு துண்டு: அவசரத்துக்கு 999, எந்த நேரமும் பேச சமாரிட்டன்ஸின் இலவச எண் 116 123. அக்கா அன்று முழுக்க மண்டப வாசலில் நின்றார். சிலர் தாளைப் போட்டுவிட்டு அவரிடம் போய் நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிவுகளில் இருந்த எண்களை இங்கே எழுத மாட்டேன். விண்ணப்பத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் வாங்கினோம். விண்ணப்பம் போனதும் தாள்களைக் கிழித்தாயிற்று. இதை ஆய்வு என்று எந்தப் பேராசிரியரும் ஒத்துக்கொள்ள மாட்டார். நிதி கொடுப்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கேட்டதில் பாதிப் பணம் கிடைத்தது.

இதைப் படிக்கிற உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, உங்கள் மொழி தமிழ் என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். அம்மா அப்பாவுக்கும் சொல்லி எழுத வையுங்கள். இங்கிலாந்தில் 2018 முதல் உங்கள் மருத்துவப் பதிவு ஆராய்ச்சிக்குப் போகக் கூடாது என்று மறுக்கும் உரிமை இருக்கிறது. 2021-ல் புதிய திட்டம் ஒன்றைப் பற்றிய பயத்தில் சில வாரங்களிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுத்தார்கள். மறுப்பது உங்கள் உரிமை. நான் மறுக்கவில்லை. எங்கள் பகுதியில் சாவி யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு எடுத்த முடிவு அது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு ஏற்பாட்டை இதே மாதிரி விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, இங்கேயே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. "தமிழ் இளைஞர்களின் மனநலம், இரண்டே நிமிடம்" என்று நீங்கள் குழுக்களில் போடும் படிவங்களைப் பார்க்கிறேன். செய்யுங்கள், நம்மைப் பற்றி நாம்தான் செய்ய வேண்டும். ஆனால் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதித்ததா, பதில்கள் எங்கே இருக்கும், எப்போது அழியும், மனம் மாறினால் விலக முடியுமா, முடிவை எங்களுக்கு வந்து சொல்வீர்களா என்பதை முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் படிவத்தை இன்னும் அனுப்பும் நேரம் வரவில்லை.

எங்கள் அறை இப்போது நடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். என்ன கிழமை, எந்த இடம் என்று சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள். வாசலில் வருகைப் பதிவேடு வைக்கலாமா, அடுத்த வருடம் நிதி கேட்க உதவுமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லாரும் மறுபடி என் பக்கம் திரும்பினார்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கோடு போட்டு எண்ணுவோம், பெயர் வேண்டாம் என்றேன்.